தரைக்கு வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அரியலூரில் ஒருவர் விடாமல் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் சலவைக்கல் சிப்ஸ் பரப்பி, உருளை ஓட்டி, மட்டம் பார்த்து, அப்பாடா என்று இடுப்பில் கை வைக்கும்போது எவனாவது ஒருத்தன் ஈரத்தின் மேல் செருப்புக் காலோடு நடந்து வந்து, "என்ன மேஸ்திரி, காஞ்சிடுச்சா?" என்று கேட்பான். அப்போது எனக்கு வருவதைக் கோபம் என்று சொல்லக் கூடாது. அது நியாயம்.

என் பெயர் ராசாங்கம். மொசைக் மேஸ்திரி. எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்டார். நான் அடுத்தவர் வீட்டில் குனிந்து தரை போட்டேன். குனிகிறது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நான் போட்டதைத் தை மாசம் யாரும் அறுத்துக்கொண்டு போக முடியாது. பெரம்பலூரில் இரண்டு கல்யாண மண்டபம், அரியலூரில் ஒரு பேங்க், அரும்பாவூரில் ஒரு நெல் வியாபாரி வீடு, லப்பைக்குடிக்காட்டில் துபாய்க்காரர்கள் கட்டிய வீடுகளில் பாதி, எல்லாம் என் தரைதான். என் தரை என்று நான் சொல்வேன், பொன்னாயி பக்கத்தில் இல்லாதபோது.

பொன்னாயி என் மனைவி. என்னிடம் வேலை செய்கிற பத்துப் பேரில் ஒருத்தி. மீதி ஒன்பது பேருக்கும் அவள் ஒருத்தி சமம் என்றால் அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எனவே எட்டுப் பேருக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் பாலிஷ் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போவாள். திடீரென்று நின்று, "இங்க அரை நூலு மேடு" என்பாள். நான் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பேன். குமிழி நடுவில் நிற்கும். "மேடும் இல்ல, பள்ளமும் இல்ல, போடி" என்பேன். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால், அவள் கை வைத்த இடத்தை விட்டு ஒதுங்கி ஓடும். இப்படித் தண்ணீர் முன்னால் நான் அவமானப்பட்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவள் அப்பா மதுரைவீரன், சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். எங்கள் பக்கத்துக் குவாரிகளில் வெள்ளைப் பாறைக்கு நடுவே நத்தை போலச் சுருண்ட கற்கள் கிடைக்கும். காலேஜ் வாத்தியார்கள் பஸ் பிடித்து வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடக்கிற ஊரில் கடலா என்று நாங்கள் சிரிப்போம். அந்தக் கற்களில் நன்றாகக் கறுத்ததாக, புளியங்கொட்டை அளவில் இருப்பதாகப் பார்த்துப் பொன்னாயி ஒரு சுருக்குப் பையில் சேர்த்து வைத்திருந்தாள். எந்த வீட்டில் தரை போட்டாலும் ஈரக் கலவையில் ஒன்றை அழுத்திவிடுவாள். கதவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், எங்காவது ஒரு மூலையில். குழந்தை கன்னத்தில் மை வைப்பது போலத் தரைக்குத் திருஷ்டிப் பொட்டு.

"இம்புட்டு அழகா போட்டுட்டுப் பொட்டு வெக்காம போனா, கண்ணு பட்டு வெடிப்பு வுட்டுடும்" என்பாள்.

அவள் பொட்டு வைத்த தரை எதுவும் இதுவரை வெடித்ததில்லை. கலவை சரியாக இருந்தது, அதனால் வெடிக்கவில்லை என்பேன் நான். கலவை போட்டது யாரு என்பாள் அவள்.

ஒரு மனக்குறையும் அவளுக்கு உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பெரிய வீடு. பெயர் வேண்டாம், அவர்கள் பிள்ளைகள் நல்ல மாதிரி. நடுக்கூடத்தில் தாமரை போட்டுக் கொடுத்தோம். கிரகப்பிரவேசத்தன்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் எங்களுக்கு இலை போட்டார்கள். சாப்பிட்டு எழுந்தவள், குத்துவிளக்கு வெளிச்சத்தில் தாமரை எப்படி இருக்கிறது என்று ஒரு தரம் பார்க்க வாசற்படி வரைக்கும் போனாள். "எட்ட நின்னு பாரு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அந்தத் தாமரையின் ஒவ்வோர் இதழையும் மண்டி போட்டுத் தேய்த்தவள் அவள். எட்ட நின்று பார்த்தாள். நான்தான் பஸ்ஸில் கண்டக்டரைப் பிடித்துச் சண்டை போட்டேன். பாவம், அந்த ஆள் என்ன செய்தான்?

அதன் பிறகு எந்த வீட்டிலும் வேலை முடிந்தால் அவள் திரும்பிப் பார்க்கிறதில்லை. லப்பைக்குடிக்காட்டு ஆயிஷா பீவி வீடு ஒன்றுதான் வேறு மாதிரி. புது வீட்டுக்குக் குடிபோன அன்று அந்த அம்மா பொன்னாயியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், அந்தத் தரையிலேயே தன் பக்கத்தில் உட்கார வைத்து நெய்ச்சோறு போட்டார். பொட்டு எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டு, அந்த இடத்தில் பீரோ வராமல் பார்த்துக்கொண்டார். "நஜர் படாம இருக்கணும்ல, அப்ப அது வெளிய தெரியத்தான் வேணும்" என்றாராம். பொன்னாயி அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வருஷம் பேசினாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சி ஏர்போர்ட்டைப் புதிதாகக் கட்டினார்கள். பழையது, ஏர்போர்ட் என்று போர்டு இருந்ததால் ஏர்போர்ட். தாழ்ந்த கூரை. இரண்டு ஃபேன், அதில் ஒன்று சுற்றும். வழியனுப்ப வந்த சனம் வேப்பமரத்தடியில் நின்று அழுதுவிட்டுப் போகும். புதியதை முதல்முதலில் பார்த்தபோது எனக்கு அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தது. நடுவில் ஒரு தூண் இல்லாமல் அத்தனை பெரிய கூடம்! விமானம் நிற்கிற பக்கம் முழுக்கக் கண்ணாடி. எங்கள் ஊர்ச் சிமெண்ட் மூட்டைகள் லாரி லாரியாக வந்து இறங்கின. ஒவ்வொரு மூட்டையையும் பார்க்கச் சொந்தக்காரன் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. அந்தக் கூடத்துக்குத் தரை போடுகிற வேலை எங்களுக்கு வந்தது.

கான்ட்ராக்டரின் என்ஜினீயர் பெயர் வேணுகோபால். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. ஆனால் வேலை தெரிந்தவர், அதை நான் ஒத்துக்கொள்வேன். "பூ வேண்டாம், கோலம் வேண்டாம். முழுக்க வெள்ளை. மேல இருக்கற வெளிச்சம் கீழயும் தெரியணும். ஒரு கறை இருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பொன்னாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பூ போட்டா பூவத்தான் பாப்பாங்க. வெறும் வெள்ளைன்னாதான்யா தரையைப் பாப்பாங்க" என்றாள். அப்புறம் என்னைக் கேட்காமலே அவரிடம் போய் நின்றாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. தொறக்கற அன்னிக்கு நாங்க உள்ள வந்து பாக்கணும்."

"அவ்ளோதானே? பத்துப் பேருக்கும் பாஸ் வாங்கித் தரேன்" என்றார் வேணுகோபால்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் நாலு மாதம் வேலை செய்தாள். வெயிலில் கண்ணாடிப் பக்கம் அடுப்பு மாதிரி கொதிக்கும். மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கும்போது அவள் சாணைக்கல்லை வைத்து ஓரங்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். "தொறக்கற அன்னிக்கு இங்க நின்னு பாத்தா அந்தக் கண்ணாடி வரைக்கும் தெரியும்யா" என்பாள். "தெரியும், தெரியும். நீ மொதல்ல சோத்தத் தின்னு" என்பேன்.

நடுக்கூடத்துக்குக் கலவை பரப்பிய அன்று அவள் சுருக்குப் பையை அவிழ்த்தாள். நான் ஏதோ மூலைக்குத்தான் போகப்போகிறாள் என்று பார்த்தால், கூடத்துக்கு நட்ட நடுவில், வாசலிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கடக்கிற இடத்தில், கல்லை வைத்துக் கட்டை விரலால் அழுத்திவிட்டாள்.

"ஏண்டி, இத்தன பெரிய கட்டடத்துல ஒனக்கு ஒரு மூலை கெடைக்கலியா?"

"வூட்டுக்கு மூலையில வெக்கலாம். அத பத்துப் பேருதான் பாப்பாங்க. இத ஊரே பாக்கும்யா. ஊருகண்ணு தாங்கணும்னா நெத்தியிலதான் வெக்கணும்."

"அந்த ஆளு பாத்தா நம்ம நெத்தியில வெப்பாரு!"

"பாக்கட்டுமே. பொட்டுன்னா பாக்கத்தானே?"

கரணை என் கையில்தான் இருந்தது. ஒரு நெம்பு நெம்பியிருந்தால் கல் வெளியே வந்திருக்கும். ஆனால் தாமரையை எட்ட நின்று பார்த்தபோது இருந்த அந்த முகம் எனக்கு நினைவு வந்தது. கரணையைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போன ஆளைத் திட்டினேன்.

வேணுகோபால் கண்ணில் அது படாமல் போனதற்குக் காரணம் சேறு. முதல் பாலிஷில் தேய்த்த தூளும் தண்ணீரும் கலந்து தரை முழுக்கச் சேறாக இருக்கும். இரண்டாவதிலும் அப்படித்தான். இடையில் சாக்கு விரித்து மூடியிருந்தோம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கடைசிப் பாலிஷ் போட்டுக் கழுவி, அழுக்குப் படாமலிருக்க மரத்தூளைப் பரப்பினோம். நடு இடத்தில் மட்டும் நான் என் கையால் ஒரு கூடை அதிகமாகக் கொட்டினேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பொன்னாயி பாஸ் கேட்டாள்.

வேணுகோபால் கையிலிருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாஸ் இல்லம்மா. டெல்லியிலேர்ந்து வராங்க, மெட்ராஸ்லேர்ந்து வராங்க. லிஸ்ட் போலீஸுக்குப் போயாச்சு. எங்க வீட்டுக்கே ரெண்டுதான். அஞ்சு மணிக்குள்ள எல்லாரும் வெளிய போயிடணும்."

"நீங்க சொன்னீங்களே சார்..."

"சொன்னேன். இப்ப இல்லன்னு சொல்றேன்."

எனக்கு வந்ததே ஒரு வேகம். "லிஸ்டுல இருக்கறவங்களையே வந்து தரை தேய்ச்சுட்டுப் போவச் சொல்லியிருக்கலாமே சார்!" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. பொன்னாயி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவள் மட்டும் நகரவில்லை. "நான் வெளிய நின்னாவது பாக்குறேன். கண்ணாடிதானே, தெரியும்" என்றாள். அந்தக் கண்ணாடி விமானம் நிற்கிற பக்கம். ரோட்டிலிருந்து ஒரு எழவும் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தங்கினோம்.

காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு ஜீப் வந்து கிறீச்சென்று நின்றது. வேணுகோபால்! முகத்தில் சவரம் பாதிதான் முடிந்திருந்தது.

"மேஸ்திரி, ஏறு. அந்தம்மாவும் ஏறட்டும். உளி இருக்கா?"

எனக்குப் புரிந்துவிட்டது. டீக்கிளாஸை அப்படியே வைத்துவிட்டு உளிப் பையைத் தூக்கிக்கொண்டேன். பொன்னாயி நிதானமாக மீதி டீயைக் குடித்துவிட்டு வந்து ஏறினாள்.

உள்ளே போனதும் நான் உளியையும் மறந்தேன், என்ஜினீயரையும் மறந்தேன். மரத்தூளைப் பெருக்கி எடுத்திருந்தார்கள். காலை வெயில் கண்ணாடி வழியாக வந்து தரை முழுக்கப் படுத்திருந்தது. பாலைக் காய்ச்சி ஊற்றி, அது அசையாமல் நின்றுவிட்ட மாதிரி ஒரு வெள்ளை. கூரையில் இருந்த விளக்குகள் கீழேயும் வரிசையாக எரிந்தன. வாசலில் ஒரு கான்ஸ்டபிள், பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். இதையா நாம் போட்டோம் என்று எனக்கே சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் என் வேலையைப் பார்த்து நான் கும்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

நடுவில், நட்ட நடுவில், கறுப்பாக அந்தக் கல்.

"இது என்ன?" என்றார் வேணுகோபால். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு சார். திருஷ்டிக்கு வெச்சது" என்றாள் பொன்னாயி.

"பொட்டா! ஒரு கறை கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? ஒம்பது மணிக்குப் பெரியவங்க வராங்க. இப்பவே உடைச்சு எடு."

"எடுத்துடுறேன் சார். ஆனா எடுத்தா பள்ளம் வுழும். பள்ளத்துல புதுக் கலவை வெச்சா காய ஒரு வாரம் ஆவும், அதுக்கப்பறந்தான் பாலிஷ். இன்னிக்குப் பொறந்த புள்ளைக்கு இன்னிக்கே பல்லு மொளைக்குமா சார்?"

அவருக்கு அது தெரியாததா? தலையில் கை வைத்துக்கொண்டார். ஜமக்காளம் விரிக்கலாம் என்றார். அப்போதுதான் வந்த கான்ட்ராக்டர் அதைக் கேட்டதும் குதித்தார். இந்தத் தரைக்கு மேல் ஜமக்காளமா, வருகிறவர்களுக்குக் காட்டவே இதுதானே இருக்கிறது என்றார். ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி வந்து கல்லின் மேல் வைத்தார்கள். போலீஸ் அதிகாரி வந்து, நடைபாதையில் தொட்டி எதுவும் இருக்கக் கூடாது என்று அப்புறப்படுத்திவிட்டார். மணி எட்டு.

"யாராவது மேல நின்னா போதுமா சார்?" என்றாள் பொன்னாயி. "நான் நிக்கிறேன். ஆடாம அசையாம நிப்பேன்."

வேணுகோபால் அவளை மேலும் கீழும் பார்த்தார். சேலைக்கு மேல் சித்தாள்கள் போடுகிற பழைய ஆம்பிளைச் சட்டை, இடுப்பில் சுற்றிய பழைய கைலி, முழங்கை வரை சிமெண்டுக் கறை. அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துக் கழற்றி, கைலியையும் உருவினாள். உள்ளே அரக்கு நிறத்தில் அவளுடைய கல்யாணச் சேலை, கொசுவம் கலையாமல், புத்தம் புதிதாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியுமுன் குழாயடிக்குப் போய்விட்டு வந்தவள் அந்த அழுக்குச் சட்டையையே மறுபடி மாட்டியிருந்தாளே என்று நினைத்தேன். வெளியே ரோட்டில் நின்று பார்ப்பதற்கு அவள் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வேணுகோபால் சந்தனமும் கல்கண்டும் இருந்த வெள்ளித் தட்டை எடுத்துவரச் சொன்னார். "வரவங்களுக்கு இத நீட்டினா போதும். எடத்த விட்டு நகரக் கூடாது. விழா முடிஞ்சு பெரியவங்க கெளம்பினதும் அந்தக் கல்ல உடைச்சு எடுத்துடணும்."

"எடுத்துடுறேன் சார்" என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒன்பது மணியிலிருந்து பொன்னாயி அங்கே நின்றாள். என்னை ஜெனரேட்டர் ரூமுக்குள் போகச் சொன்னார்கள். கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். கார் காராக வந்தார்கள். உள்ளே காலை வைத்ததும் எல்லாரும் ஒரு நொடி நின்றார்கள். முதலில் தரையைப் பார்த்தார்கள். அந்த வெள்ளையிலேயே பார்வை வழுக்கிக்கொண்டு போய் அவள் பாதத்தில் முட்டி, அங்கிருந்து அவள் முகத்துக்கு ஏறியது. அத்தனை பெரிய வெள்ளைக் கூடத்தில் கறுப்பாக நின்றவள் அவள் ஒருத்திதான். பட்டுச்சேலைக்காரிகள் குனிந்து சந்தனம் தொட்டுக்கொண்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் கும்பிடு போட்டார். அவளும் தட்டோடு தலையைச் சாய்த்தாள்.

ரிப்பன் வெட்டிய பெரியவர் நடுக்கூடத்துக்கு வந்ததும் நின்றார். "தரை பிரமாதமா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டார்.

"நாங்கதான் சார்" என்றார் கான்ட்ராக்டர், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருப்பேன். ஒரு கால் வெளியே வைத்துவிட்டேன். பொன்னாயி முகத்தைப் பார்த்து நின்றுகொண்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பொய்யான சிரிப்பு இல்லை. பெரியவர் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் நீட்டிய விரலுக்கு நேராகத்தான் நின்றது. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குப் பெரியவர்கள் டிபன் சாப்பிட மாடிக்குப் போனார்கள். பம்பாய் வழியாக வருகிற விமானம் இறங்கப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வரவேற்க வந்த சனத்தை உள்ளே விட்டார்கள். கூட்டத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஆயிஷா பீவி வந்தார். வீட்டுக்காரர் துபாயிலிருந்து மூன்று வருஷம் கழித்து வருகிறாராம். வேகமாக வந்தவர் தட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினார்.

"அடியே, பொன்னாயியா? நீ எங்க புள்ள இங்க?"

பொன்னாயி தட்டை நீட்டினாள். "சந்தனம் எடுத்துக்குங்க பாயம்மா."

ஆயிஷா பீவி சந்தனத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், வாசலிலிருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு முறை. "இது ஒன் கைதானே! யா அல்லாஹ், எம்மாம் அழகு! பொட்டு எங்க வெச்சே?"

பொன்னாயி வேணுகோபால் நின்ற பக்கம் பார்த்தாள்.

"என்னாடி முழிக்கிறே? காலுக்குக் கீழயா வெச்சிருக்கே?" அந்த அம்மா குனிந்து, பொன்னாயியின் சேலைக் கொசுவத்தை ஒரு விரலால் ஒதுக்கினார். "இந்தா இருக்கே! மாஷா அல்லாஹ்!"

அந்தக் குரலுக்குப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வேணுகோபால் ஓடி வந்தார். "அம்மா, கொஞ்சம் தள்ளுங்க, அது ஒண்ணுமில்ல, சின்ன மிஸ்டேக்..."

"மிஸ்டேக்கா?" ஆயிஷா பீவி இடுப்பில் கை வைத்தார். "எங்க வூட்டுத் தரையில ஆறு வருசமா இருக்கு தம்பி. ஒரு கீறல் கெடையாது. எத்தன வூட்டுல கட்டி ஒரே வருசத்துல வெடிச்சுப் போச்சு தெரியுமா? பொட்ட வெச்சுட்டு அத மறைச்சு வெப்பாங்களா யாராச்சும்?"

அதற்குள் விமானம் இறங்கிய சத்தம் கேட்டது. அந்த அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் ஓடினார். கூட்டமும் பின்னாலேயே போனது.

ஒன்றரை மணிக்குப் பெரியவர்களின் கார்கள் கிளம்பிவிட்டன. கூடம் காலியானதும் நான் வெளியே வந்தேன். பொன்னாயி தட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே மண்டி போட்டு உட்கார்ந்து என்னிடம் கையை நீட்டினாள். "உளியக் குடு."

"இரு, அந்த ஆளு மறந்துகூடப் போயிருப்பாரு."

"அவரு மறப்பாரு. நான் சொல்லியிருக்கேன்ல?"

உளி முனையைக் கல் ஓரத்தில் வைத்தாள். வேணுகோபால் அப்போதுதான் வந்தார். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், சட்டை கசங்குமே என்றுகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து, கல்லின் மேல் இப்படியும் அப்படியும் தடவினார். பிறகு அவள் செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"கல்லு எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னே கைக்குத் தெரியலியே" என்றார்.

"தெரிஞ்சா அது வேலை இல்லீங்களே சார்."

"மறைச்சு வெக்கக் கூடாதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. காலையிலேர்ந்து நீ மறைச்சுக்கிட்டுத்தானே நின்னே? அப்ப இன்னிக்குப் பட்ட கண்ணெல்லாம்?"

பொன்னாயி சிரித்தாள். "அதான் நான் நின்னேனே சார். வெள்ளைக்கு நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்கணும், அம்புட்டுதானே? வந்தவங்க கண்ணு பூரா எம்மேலதான் வுழுந்துச்சு. தரை மேல ஒண்ணும் தங்கல."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. வேலை சரியாக முடிந்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வேணுகோபால் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையிலிருந்த உளியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத பைக்குள்ள வெய்யி மேஸ்திரி. கல்லு இருக்கட்டும். இந்த எடத்துல தொட்டி கிட்டி எதுவும் வராம நான் பாத்துக்கறேன்." பிறகு பொன்னாயியைப் பார்த்து, "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. லிஸ்டுல மொதப் பேரு உன்னுதா இருந்திருக்கணும்" என்றார்.

அந்த ஆளைப் பற்றி நான் சொன்ன நாலு வார்த்தையையும் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். மூன்றை வாங்கிக்கொண்டேன், ஒன்று இருக்கட்டும்.

"சார், ஒரு தரம் நடந்து பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் பொன்னாயி.

வாசலுக்குப் போனாள். அங்கிருந்து வெறுங்காலோடு, ஓர் அவசரமும் இல்லாமல், கண்ணாடி வரை நடந்தாள். வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தாள். திரும்பி, கூடம் முழுவதையும் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாள். எட்ட நின்றுதான் பார்த்தாள். ஆனால் இந்தத் தடவை உள்ளே எட்ட நின்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள், ஒரு தடுமாற்றம் இல்லாமல். பொட்டுப் பக்கம் வந்தபோது விலகி நடந்தாள்.

பஸ் பிடித்து ஊர் வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது, கண் எரிகிறது என்றாள். எங்கள் வீட்டில் எனக்கும் பிள்ளைகளுக்கும் திருஷ்டி கழிப்பது அவள்தான். அவளுக்கு யாரும் கழித்ததில்லை. இந்த ஊரில் எந்த ஆம்பிளையும் பெண்டாட்டிக்குச் சுற்றிப் போட்டு நான் பார்த்ததும் இல்லை.

ஒரு கை உப்பு, ஏழு மிளகாய் எடுத்துக்கொண்டு போய் அவள் தலையைச் சுற்றினேன். "ஏய்யா, யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்றாள். "பேசாம துப்புடி" என்றேன். மூன்று தடவை துப்பினாள். உள்ளே கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். இதையெல்லாம் நம்பாத ஆள் நான், கலவையை நம்புகிறவன். அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். உப்பு படபடவென்று வெடித்தது. ஏழு மிளகாயும் கறுத்துச் சுருண்டு எரிந்து சாம்பலாயின. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை. நெடியே இல்லாத அந்தப் புகையில் என் கண்ணிலிருந்து மட்டும் நிற்காமல் தண்ணீர் ஓடியது.

"என்னய்யா, நெடி வருதா?" என்று வாசலிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமே வரலடி" என்றேன்.

"நான்தான் சொன்னேன்ல, அம்புட்டும் எம்மேலதான் வுழுந்துச்சுன்னு. இனிமே தரைக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, காலை நீட்டி நன்றாகப் படுத்துக்கொண்டாள்.